பழைய லேப்டாப்பில் எதை மாற்றலாம், எதைத் தொட வேண்டாம்

சொந்தத்தில், நட்பில் யார் வீட்டு லேப்டாப் இழுக்க ஆரம்பித்தாலும் அது கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும். "இதுல ஏதாவது மாத்திப் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?"

என் பதில் பெரும்பாலும் இதுதான்: உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள். ரேம் போட இடமிருந்தால் போடுங்கள். பேட்டரியைப் பாருங்கள். பிராசஸர், கிராஃபிக்ஸ் பற்றிய ஆசையை விட்டுவிடுங்கள். சொல்ல எளிது. ஆனால் எந்த லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி, எந்த ரேம் என்று இறங்கும்போதுதான் காசு வீணாகும் இடங்கள் வருகின்றன.

ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் டாஸ்க் மேனேஜர்

எதையும் வாங்குவதற்கு முன், லேப்டாப் எதனால் திணறுகிறது என்று பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே கவனியுங்கள்.

பிராசஸர் 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? நோய் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? ரேம் போதவில்லை. இரண்டும் ஒன்றாக நடந்தால் குழம்ப வேண்டாம். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும், அதனால் டிஸ்க்கும் சேர்ந்து திணறும். டிஸ்க், மெமரி இரண்டும் அமைதியாக இருந்து பிராசஸர் மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால், அதுதான் கெட்ட செய்தி. அதற்கு உள்ளே மாற்ற ஒன்றும் இல்லை.

என் சித்தப்பாவின் லேப்டாப்பை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவருக்கு ஒரே ஆதங்கம்: "ஐ5 தானேப்பா, நல்லதுன்னுதானே வாங்குனேன், அப்புறம் ஏன் இப்படி இழுக்குது?" டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்ததும் டிஸ்க் கோடு மேலே போய் ஒட்டிக்கொண்டது. பிராசஸர் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "இந்த ஐ5 வேலையே செய்யல சித்தப்பா, டிஸ்க் எப்போ தரும்னு காத்துக்கிட்டு இருக்கு" என்றேன்.

காரணம் எளிய கணக்கு. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும், அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் வந்துசேர சராசரியாக அரைச்சுற்று, அதோடு படிக்கும் முனை நகரும் நேரமும் சேர்ந்தால் ஒவ்வொரு சின்னத் தேடலுக்கும் 15 மில்லிசெகண்ட் போல ஆகிவிடும். நொடிக்கு அறுபது, எழுபது தேடல்தான். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. ஒரு தேடல் 0.1 மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடும். அதனால்தான் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டதும் வேறு மெஷின் மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது

ஹார்ட் டிஸ்க் இருந்த லேப்டாப் என்றால் வேலை சுலபம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் முறை) அதே இடத்தில், அதே கனெக்டரில் உட்காரும். பார்க்க வேண்டியது தடிமன் மட்டும். பழைய டிஸ்க்குகள் பல 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். ஃபிரேமில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் வகை என்றால் பிரச்சினை இல்லை. சும்மா செருகி வைக்கும் வகை என்றால் ஆடும். சில எஸ்எஸ்டி பெட்டிக்குள்ளேயே 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று கொடுப்பார்கள், அதை ஒட்டிக்கொள்ளலாம்.

எம்.2 ஸ்லாட் உள்ள லேப்டாப்பில்தான் ஆட்கள் ஏமாறுவது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அந்தச் சின்னப் பலகையில் சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. ஒரு ஸ்லாட் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கலாம், இரண்டையும் ஏற்கலாம். பலகையின் ஓரத்தில் இருக்கும் வெட்டு இடைவெளியைப் பார்த்து, "உள்ளே போகிறது, அப்போ வேலை செய்யும்" என்று முடிவு கட்ட முடியாது. நீளமும் பார்க்க வேண்டும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் இருக்கின்றன. இதற்கெல்லாம் நம்பக்கூடிய ஒரே பதில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல். லெனோவோ, டெல், எச்பி மூவருமே தங்கள் தளத்தில் இதை இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எந்த ஸ்க்ரூ எங்கே என்பது முதல் எல்லாம் அதில் இருக்கும். வீடியோ தேடுவதற்கு முன் அதைத் தேடுங்கள். வீடியோக்காரர் உங்கள் மாடலின் பக்கத்து மாடலைத் திறந்து காட்டுவார், அது தெரியாமல் நாம் இல்லாத ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருப்போம்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை போகும், என்விஎம்இ அதைப் போலப் பல மடங்கு. அட்டையில் இருக்கும் அந்தப் பெரிய எண்ணுக்காகப் பழைய லேப்டாப்பில் கூடுதல் காசு போட வேண்டாம். மெயில், பிரவுசர், ஆபீஸ் வேலையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. 2010 வாக்கில் வந்த லேப்டாப்புகளில் சாட்டா வேகமே பாதிதான். அதற்கும் எஸ்எஸ்டி போடலாம், ஏனென்றால் நாம் வாங்குவது தேடும் நேரத்தை. மிகப் பழைய பயாஸ்கள் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்) என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். அளவு 240, 256 ஜிபி போதும். போட்டோ, வீடியோ வைத்திருப்பவர்கள் 500 பக்கம் போகலாம். பெயர் கேள்விப்படாத கம்பெனி, நம்ப முடியாத அளவு, நம்ப முடியாத மலிவு என மூன்றும் சேர்ந்து வந்தால் தொடாதீர்கள்.

ஒரு வகை லேப்டாப்புக்கு இதில் எதுவுமே பொருந்தாது. 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்போடு வந்த மலிவு மாடல்களில் அது பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். தனியே காலி எம்.2 ஸ்லாட் இருந்தால் அதிர்ஷ்டம்.

ரேம்: ஸ்டிக்கரைப் படியுங்கள்

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும். "1 ஆஃப் 2" என்றால் பெரும்பாலும் ஒரு ஸ்லாட் காலி. அதன் கீழ் "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியையும் பாருங்கள். "எஸ்ஓடிஐஎம்எம்" என்று இருந்தால் கழற்றி மாற்றும் ரேம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் போர்டில் பற்றவைக்கப்பட்டது. அந்த லேப்டாப்பில் ரேம் கதை அங்கேயே முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆப்பிள் லேப்டாப்புகளில் 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலிருந்தே ரேம் போர்டோடு சேர்ந்ததுதான்.

அடுத்தது வகை. டிடிஆர்3 லேப்டாப் ரேமில் 204 பின், டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. வெட்டு இருக்கும் இடமும் மாறுவதால் ஒன்று இன்னொன்றில் உட்காராது. வில்லங்கம் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் நடுவில்தான். இரண்டுக்கும் பின்னும் வெட்டும் ஒன்றே, மின்னழுத்தம் வேறு. முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் 1.35 வோல்ட்டைத்தான் கேட்கும். 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் உள்ளே நன்றாகவே உட்காரும், ஆனால் திரையில் ஒன்றும் வராமல் போகலாம். ஸ்டிக்கரில் "பிசி3" என்றிருக்கிறதா, "பிசி3எல்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் எல் இருப்பதை வாங்குங்கள். அது 1.5 வோல்ட்டிலும் ஓடும்.

எவ்வளவு போடலாம்? சித்தப்பாவின் நான்காம் தலைமுறை ஐ5, 16 ஜிபி வரை ஏற்கும். ஆனால் அவர் செய்யும் வேலைக்கு 8 ஜிபி தாராளம். ஒரே நேரத்தில் முப்பது டேப் திறந்து வைப்பவர்கள் 16 போடலாம். இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்ப்பது மலிவான வழி, அதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் இரண்டு வழியிலும் தரவு ஓடும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான் என்பதால் அங்கே பலன் நன்றாகத் தெரியும். வேகம் வேறு வேறான இரண்டு ரேம் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். அதனால் கெடுதல் இல்லை.

தொட வேண்டாதவை

பிராசஸரை மாற்றலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்டெல்லில் நான்காம் தலைமுறை வரை சில லேப்டாப்புகளில் சாக்கெட் இருந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து கிட்டத்தட்ட எல்லாமே போர்டில் பற்றவைத்ததுதான். சாக்கெட் இருந்தாலும் கூலிங் அந்தப் பழைய பிராசஸரின் சூட்டுக்கு அளந்து செய்தது. கொஞ்சம் பெரியதைப் போட்டால் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிராஃபிக்ஸ் சிப்பும், விரல்விட்டு எண்ணும் சில பெரிய மாடல்களைத் தவிர, போர்டோடு ஒட்டியதே.

இதனால் வரும் ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் விபி9 என்ற சுருக்கும் முறையில் வருகின்றன. அதைத் தனி மின்சுற்றில் சுளுவாகப் பிரிக்கும் வசதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் முழுதாக வந்தது. அதற்கு முந்தையவை அந்த வேலையில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ பிராசஸரின் தலையில் கட்டும். எஸ்எஸ்டி, ரேம் இரண்டும் போட்ட பிறகும் பெரிய அளவு வீடியோவில் ஃபேன் கத்துகிறது என்றால் காரணம் இதுதான். தரத்தை 720-க்கு இறக்கிப் பாருங்கள், அமைதியாகிவிடும்.

வைஃபை கார்டு நடுவில் நிற்கும் சமாச்சாரம். மாற்றலாம், ஆனால் சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ், கம்பெனி ஒப்புக்கொண்ட கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்று பெயர் ஒட்டி வரும் கார்டுகளில் 201 குறிப்பிட்ட புதிய இன்டெல் போர்டுகளில் மட்டுமே ஓடும், 200 பொதுவானது. இந்தத் தலைவலிக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை போதும் என்பது என் எண்ணம்.

பேட்டரிக்கு விண்டோஸே ஒரு பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். டச்பேட் மேலெழும்பி வருவதும், அடிப்பாகம் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடுவதும் பேட்டரி உப்பியதன் அடையாளம். அப்போது மெதுவானதைப் பற்றி யோசிக்க வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், குத்தாமல் நெம்பாமல் அதை வெளியே எடுக்க வையுங்கள்.

கழற்றும் நாள்

முதலில் வேண்டிய ஃபைல்களை வெளியே நகல் எடுங்கள். விண்டோஸில் டிஸ்க் என்க்ரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலேயே ஆன் ஆகியிருக்கலாம். அதன் ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யலாம், ஆனால் பல வருடக் குப்பையும் கூடவே வரும். நான் புதிதாகவே இன்ஸ்டால் செய்வேன். அதே போர்டு என்பதால் முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் இன்டர்நெட் கிடைத்ததும் தானாகவே மறுபடி ஆக்டிவேட் ஆகிவிடும். இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவை லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். பிரித்துப் போட்ட பிறகு அது ஞாபகம் வந்தால் ரொம்பக் கஷ்டம்.

ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். வெளியே கழலும் பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் வகை என்றால், மூடியைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை அதன் கனெக்டரை எடுப்பது. பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தோராயமாக வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் டேப் போட்டு ஒட்டுங்கள். எல்லாம் ஒன்று போலத் தெரியும், நீளம் மட்டும் வேறாக இருக்கும். குட்டை ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் அது மறுபக்கம் கை வைக்கும் இடத்தில் முளைத்து நிற்கும். ரப்பர் கால்களுக்கு அடியில், ஸ்டிக்கருக்கு அடியில், சிலவற்றில் கீபோர்டுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். டிவிடி டிரைவ் உள்ளதில் அதை வெளியே இழுத்தால்தான் தெரியும் ஸ்க்ரூவும் உண்டு.

மூடியைப் பிரிக்கக் கத்தி வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். ஓரத்தில் நுழைத்து மெதுவாக நகர்த்தினால் டக் டக் என்று ஒவ்வொரு கிளிப்பாக விடும். ஓர் இடத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். அங்கே ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. கீபோர்டு மேல்பக்கமாக வரும் மாடல் என்றால் கொஞ்சமாகத் தூக்கிவிட்டு நின்று பாருங்கள். ரிப்பன் கேபிள் கீழே போர்டைப் பிடித்திருக்கும். அதன் கனெக்டரில் மெல்லிய கறுப்பு அல்லது வெள்ளைத் தாழ்ப்பாள் இருக்கும். நகத்தால் அதை நிமிர்த்தினால் ரிப்பன் எந்தப் பலமும் இல்லாமல் வழுக்கி வரும். இழுத்தால்தான் வருகிறது என்றால் தாழ்ப்பாள் இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

உள்ளே வந்ததும் ஃபேனைப் பாருங்கள். காற்று வெளியேறும் தகடுகளுக்கு முன்னால் கம்பளி போலத் தூசி படிந்திருந்தால், லேப்டாப் மெதுவானதில் அதற்கும் பங்கு உண்டு. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள், சுழல விட வேண்டாம். ஹீட் சிங்க்கை (பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டை) கழற்றினால், நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும். பேஸ்ட் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கை மேலே தூக்காதீர்கள். கனெக்டரிலிருந்து படுக்கைவாட்டில் நகர்த்தி எடுத்து, ஃபிரேமைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டி, வந்த வழியே திருப்பிச் செருகுங்கள். ரேமுக்கு இருபக்கக் கிளிப்பையும் வெளிப்பக்கமாகத் தள்ளினால் அதுவே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில், தங்க நிறப் பட்டை கிட்டத்தட்ட முழுதும் உள்ளே மறையும் வரை அழுத்திச் செருகி, பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு கிளிப்பும் கிளிக் என்று பிடிக்க வேண்டும். பட்டை பாதி வெளியே தெரிந்தால் அது உட்காரவில்லை.

எல்லா ஸ்க்ரூவையும் போடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரேம் மாற்றியபின் முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும். பதறி அணைக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி மறுபடி செருகுங்கள். பயாஸுக்குள் போய் ரேம் அளவும் எஸ்எஸ்டி பெயரும் தெரிகிறதா, சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பார்த்துவிட்டு மூடுங்கள்.

செலவு செய்யலாமா என்பதை முடிவு செய்வது

விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எவ்வளவு ரேம் போட்டாலும் பழைய பிராசஸர் இந்தக் கோட்டைத் தாண்டாது. ஆகவே எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி, ரேம் போடுங்கள். அதற்குக் கீழே என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் பழகத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொண்டு போடுங்கள். பிரவுசர், டாக்குமென்ட், பாட்டு, படம் என்ற அளவில் அது நன்றாகவே ஓடும். சித்தப்பாவுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர் என்றால் அந்தப் பழைய லேப்டாப்பில் பணம் போட வேண்டாம்.

கீல் உடைந்தது, திரையில் கோடு விழுகிறது, சார்ஜ் பின் ஆடுகிறது என்று மூன்று நான்கு குறை சேர்ந்திருந்தால் கூட்டிப் பாருங்கள். மொத்தச் செலவு, அதைவிடப் புதிய தலைமுறை ஆபீஸ் லேப்டாப் ஒன்றைப் பழுதுபார்த்த நிலையில் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எஸ்எஸ்டி மட்டும் வாங்கியிருந்தால் வீணில்லை, பெரும்பாலும் அடுத்த லேப்டாப்புக்கோ வெளி டிரைவாகவோ உதவும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வையுங்கள். புதிய இன்ஸ்டாலில் எது விடுபட்டது என்பது சில வாரம் கழித்துத்தான் தெரியவரும், அதுவரை அதை ஃபார்மட் செய்யாதீர்கள். அதன்பின் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வயதான டிஸ்க் என்பதால் முக்கியமான எதற்கும் அதை ஒரே பிரதியாக நம்ப வேண்டாம். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் க்விக் ஃபார்மட் போதாது, முழு ஃபார்மட் போட்டுவிட்டுக் கொடுங்கள்.